விசில் நின்ற அறை

7

"டீ சுத்தம்" என்றார் கோட்டான், கையிலிருந்த பரிசோதனை அறிக்கையை மடித்து வைத்தபடி.

"அப்போ நம்ம கேஸ்தான் அழுக்கு" என்றாள் பட்டாசு.

கோட்டான் என்பது அந்தத் தனியார் துப்பறிவாளருக்குப் போலீஸ்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை கண்ணை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எத்தனை நேரமானாலும் சரி. அந்தப் பெயரை அவர் முகத்துக்கு நேரே சொல்லும் துணிச்சல் உதவியாளர் பட்டாசு ஒருத்திக்குத்தான் உண்டு. சம்பளமும் அவரிடமே வாங்குகிறாள் என்பதுதான் வேடிக்கை.

எதிரே, தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த கணவன், மனைவி இருவர் முகமும் வாடிப்போனது.

மனைவி, அணுமின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் மாலை ஷிப்டின் தலைவி. சென்ற வாரம் ஒரு மாலையில் எச்சரிக்கை மணி அடித்தபோது அவள் கை தாமதமாக எழுந்தது. எழுந்த கையும் தவறான சுவிட்சுக்குப் போனது. உலை தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் 'வேலை நேரத்தில் தூங்கினார்' என்று நிலைய மேலாளர் எழுதிவிட்டார். இன்று மாலை ஐந்து மணிக்கு விசாரணை. அதில் எதுவும் மாறாவிட்டால் அவளுடைய உரிமம் ரத்து. பிறகு எந்த நாட்டு உலைக்கு முன்னாலும் அவளால் உட்கார முடியாது.

கணவர் அதே நிலையத்தில் காற்றோட்டப் பிரிவில் ஃபோர்மேன். அங்கே எல்லாரும் அவரைக் காத்துக்காரர் என்றே கூப்பிட்டார்கள். யாரோ தேநீரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்ற சந்தேகத்தோடு கோட்டானைத் தேடி வந்தவர் அவர்தான்.

"டீ இல்லேன்னா வேற ஏதாவது வழியிருக்கும் சார். என் பொண்டாட்டி தூங்கற ஆளே இல்ல" என்றார் காத்துக்காரர். இவ்வளவையும் அவர் ரகசியம் பேசுவதுபோல் சொன்னார். அந்த வீட்டில் அவர் குரலே அவ்வளவுதான்.

பட்டாசு எழுந்து ஜன்னலைத் திறந்தாள். சத்தமில்லை. மூடினாள். அப்போதும் சத்தமில்லை. சட்டத்தின் மூலையில் நீல நிறத்தில் ஒரு ரப்பர் துண்டு சொருகியிருந்தது. அலமாரிக் கதவிலும் ஒன்று. நாற்காலிக் கால்களில் நாலு. மிக்ஸிக்கு அடியில் ஒரு முழு நீளச் செருப்பே படுத்திருந்தது.

"இது என்னண்ணே, வீடு முழுக்க நீலம்?"

"ரப்பர் செருப்பும்மா. நறுக்கி வெச்சிருக்கேன். மூணு ஜோடி ஆயிடுச்சு. இவ ஷிப்ட் முடிச்சுட்டு நடுராத்திரி வந்து, காலையில நேரம் கழிச்சுதான் எழுந்திருப்பா. சத்தம் ஆகாது, உடனே தலைவலி வந்துடும்."

"திருடன் வந்தா உங்க வீட்டைத்தான் முதல்ல விரும்புவான்" என்றாள் பட்டாசு.

மனைவி முதன்முறையாகச் சிரித்தாள். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவரு தும்மினதையே நான் கேட்டதில்ல."

கோட்டான் அந்த நீலத் துண்டுகளைப் பார்த்தபடி இருந்தார். கடிகாரம் துடித்தது; அதற்கும் கீழே ஒரு ரப்பர் இருந்தது. வெகு நேரம் கழித்துக் கேட்டார்.

"அன்னிக்கு ரூம்ல என்ன வாசனை அடிச்சுது?"

அவள் நெற்றியைச் சுருக்கினாள். "வாசனையா? ஆமா... இப்ப சொல்லப்போனா கொஞ்ச நாளாவே இருந்துச்சு. புதுசுன்னு ஒரு பையன் எங்க ஷிப்டுக்கு வந்திருக்கான். தலைக்கு ஏதோ தடவிட்டு வருவான் போல. அழுகின பழம் மாதிரி அடிக்கும். சொன்னா மனசு கஷ்டப்படுவானேன்னு விட்டுட்டேன்."

"தலையும் பாரமா இருந்திருக்குமே, யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எப்படிச் சார் சொல்றது? தலைவலின்னா டாக்டர்கிட்ட அனுப்புவாங்க. அவரு ஒரு கேள்விக்குறி போட்டாப் போதும், நாற்காலி போச்சு. எங்க ஆளுங்க கால் உடைஞ்சாக்கூட செருப்பு கடிக்குதுன்னுதான் சொல்லுவாங்க."

கோட்டான் எழுந்தார்.

"கிளம்பலாம். பழம் எங்கேன்னு பாப்போம்."

*

நிலையத்துக்குள் எங்கே திரும்பினாலும் மஞ்சள் சீட்டுகள் தொங்கின. குழாயில் ஒன்று, படிக்கட்டுக் கைப்பிடியில் ஒன்று, மூடி உடைந்த காபி மெஷினில்கூட ஒன்று. அதில் 'தற்காலிக மாற்றம்: மூடிக்குப் பதில் தட்டு' என்று எழுதி யாரோ கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"இங்க ஒரு ஸ்க்ரூவை மாத்தி வெச்சாலும் யாரு, என்ன, எதுக்குன்னு எழுதித் தொங்கவிடணும்" என்றார் மேலாளர். இஸ்திரி போட்ட சட்டையும் இஸ்திரி போட்ட முகமுமாக இருந்தார். "சீட்டு இல்லாம கை வெச்சா வேலை போயிடும். யாரா இருந்தாலும் சரி."

பட்டாசு மேசையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை உருவி எதையோ எழுதிக் கோட்டானின் சட்டைப் பொத்தானில் மாட்டினாள். 'தற்காலிக மாற்றம்: வாய் மூடப்பட்டுள்ளது. காரணம்: யோசனை.'

"தற்காலிகம்னு யாரு சொன்னா?" என்றார் கோட்டான். ஆனால் சீட்டைக் கழற்றவில்லை.

கட்டுப்பாட்டு அறைக் கதவு கனமானது. திறந்ததும் உள்ளிருந்து காற்று வந்து பட்டாசின் முடியைப் பின்னால் தள்ளியது.

"பாத்தீங்களா?" என்றார் மேலாளர் பெருமையாக. "வெளியில புகை வரட்டும், விஷ வாயு வரட்டும், உள்ள இருக்கறவங்க நல்லா மூச்சு விட்டுக்கிட்டு உலையைப் பாத்துக்கணும். அதுக்காகத்தான் சுத்தமான காத்தை உள்ள நிரப்பிக்கிட்டே இருக்கோம். எந்தச் சந்து வழியாவும் காத்து வெளியிலதான் போகும், உள்ள வராது. இதோ முள்ளு." சுவரிலிருந்த காற்றழுத்த மானியைத் தட்டினார். "பச்சையில நிக்குது. சொல்லப்போனா போன மாசத்தைவிட இப்ப நல்லா இருக்கு."

"ஏன்?" என்றார் கோட்டான்.

"என்ன ஏன்?"

"ஏன் நல்லா இருக்கு?"

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கெட்டுப்போனா காரணம் தேடுவோம். நல்லா இருக்கறதுக்கு யாராவது காரணம் தேடுவாங்களா?"

கோட்டான் மூக்கை லேசாக உயர்த்தினார். மெலிதாக, இனிப்பாக, கனிந்து கெட்ட பழம்.

ஷிப்டு ஆட்களை ஒவ்வொருவராக வராந்தாவுக்கு அழைத்தார்கள். முதலில் வந்தவன் புதுசு.

"தலைக்கு என்ன தடவற தம்பி?" என்றாள் பட்டாசு.

அவன் தொப்பியைக் கழற்றினான். உள்ளே முட்டை போல் வழுவழுவென்று மொட்டை.

"இதுக்கு என்னக்கா தடவறது, பாலிஷா?"

பட்டாசு வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்போ அந்த வாசனை?"

"நீங்களும் கவனிச்சுட்டீங்களா? அது எங்க கண்ணாடி சாரோடது. முழங்கால் வலிக்கு ஏதோ தைலம் போடறாரு. பெரியவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பொறுத்துக்கிட்டு இருக்கோம்."

அடுத்து வந்த கண்ணாடி மூத்த ஆபரேட்டர். சோடாபுட்டிக் கண்ணாடி.

"தைலமா? என் முழங்கால் இரும்பு. அது நம்ம ஷிப்டு அக்காவோட சென்ட்டும்மா. அவங்க வராத நாள்லகூட நாற்காலியில ஒட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. ஒரு பொம்பளைகிட்ட போய் உன் சென்ட் நல்லா இல்லேன்னு சொல்ல முடியுமா?"

"உங்களுக்குத் தலைவலி?"

கண்ணாடி இருபுறமும் பார்த்துக்கொண்டார். "தலைவலியா? எனக்கா? சேச்சே." பிறகு குரலைத் தாழ்த்தி, "வேலைக்கு வந்து கொஞ்ச நேரத்துல ஆரம்பிக்கும். வெளியில போனா சரியாயிடும். எழுதிடாதீங்க" என்றார்.

போகத் திரும்பியவரைக் கோட்டான் தடுத்தார். "இந்த ரூம் எப்பவும் இவ்வளவு அமைதியா?"

"இல்லையே. முன்னாடி மேல காத்து வர்ற கம்பிவலை ஜாலிலேர்ந்து ஒரு விசில் வந்துக்கிட்டே இருக்கும். அக்கா தலையைப் பிடிச்சுக்குவாங்க. திடீர்னு ஒருநாள் நின்னுபோச்சு. நிம்மதி."

"தலைவலிக்கு முன்னாடியா, பின்னாடியா?"

கண்ணாடி யோசித்தார். "முன்னாடிதான். ஒரு வாரம் இருக்கும்."

அவர் உள்ளே போனதும் பட்டாசு விரல்களை மடக்கினாள். "அக்கா புதுசைச் சொல்றாங்க, புதுசு கண்ணாடியைச் சொல்லுது, கண்ணாடி அக்காவைச் சொல்லுது. மூணு பேரும் மரியாதைக்கு மூக்கை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க."

"ஒவ்வொருத்தரும் அடுத்தவங்களுதுன்னு நினைச்சாங்கன்னா அது யாரோடதும் இல்ல" என்றார் கோட்டான். "காத்தோடது. காத்து எங்கேர்ந்து வருது?"

*

மின்விசிறி அறை ஒரு தளம் கீழே இருந்தது. காத்துக்காரர் முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே லாரி அளவுக்கு ஒரு தகரப் பெட்டி. அதற்கு அப்பால் பெரிய மின்விசிறி உறுமிக்கொண்டிருந்தது. சுவரோரம் இரண்டு ஒப்பந்தத் தொழிலாளிகள் குளிர்நீர்க் குழாய்களுக்குக் கறுப்பு ஸ்பாஞ்சைச் சுற்றிப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சாயந்திரத்துல மட்டும்தான் இவங்களுக்கு அனுமதி" என்றார் காத்துக்காரர். "போன வாரத்துக்கு முந்தின வாரம் ஆரம்பிச்சாங்க. நான் பகல் ஷிப்ட். அவங்க வேலை செய்யறப்ப இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன்."

பட்டாசு பசை டப்பாவின் மேல் குனிந்தாள். சட்டென்று நிமிர்ந்தாள். கண்ணில் நீர்.

"சார், பழம்!"

"நிமிர்ந்து நின்னு மூச்சு விடு. இப்ப?"

அவள் மூச்சை இழுத்தாள். மறுபடி இழுத்தாள். "ஒண்ணுமே இல்ல சார்! டப்பா இங்க இருக்கு, நாத்தம் மாடியில இருக்கு."

"டப்பாவை மூடுங்க" என்றார் கோட்டான் தொழிலாளிகளிடம். "எல்லா டப்பாவையும். இன்னிக்கு வேலை போதும். மேலாளர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அவர்கள் போனதும் சட்டையிலிருந்த மஞ்சள் சீட்டைக் கழற்றி ஓரத்தில் மெல்லிய இழையாகக் கிழித்தார். விரல் நுனியில் தொங்கவிட்டார். இழை கதவுப் பக்கம் போகவில்லை, ஜன்னல் பக்கமும் போகவில்லை. தகரப் பெட்டியை நோக்கித் தலையாட்டியது.

"இது என்ன பெட்டி?"

"வடிகட்டிப் பெட்டி சார். வெளிக்காத்து கூரையிலேர்ந்து குழாய் வழியா இதுக்குள்ள வரும். உள்ள கரி அடுக்கு இருக்கு. விஷம், நாத்தம் எல்லாத்தையும் அது பிடிச்சு வெச்சுக்கும். இந்தப் பக்கம் சுத்தமான காத்தை ஃபேன் உறிஞ்சி மாடிக்குத் தள்ளும். இந்த ரூம் காத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

கோட்டான் இழையோடு நடந்தார். கரி அடுக்குக்கும் மின்விசிறிக்கும் நடுவே ஆள் நுழையும் அளவில் ஒரு சின்னக் கதவு. அதன் விளிம்பை நெருங்கியதும் இழை அவர் விரலிலிருந்து பறந்து சந்துக்குள் காணாமல் போனது.

"குடிச்சிடுச்சு!" என்றாள் பட்டாசு.

"டார்ச் இருக்கா?"

காத்துக்காரர் டார்ச்சை அடித்தார். கதவுக்கும் சட்டத்துக்கும் இடையே விரல் அகலத்துக்கு இடைவெளி. கதவு மூடிவிடாதபடி மேல் மூலையில் ஒரு துண்டு சொருகியிருந்தது.

வெளிச்ச வட்டத்துக்குள் அது நீலமாக இருந்தது.

காத்துக்காரர் டார்ச்சைக் கீழே இறக்கினார்.

"நான்தான்" என்றார். வழக்கத்தைவிடச் சின்னக் குரல். "கதவோட ரப்பர் தேஞ்சுபோச்சு. மயிரிழைச் சந்து. காத்து அதுல நுழையறப்ப விசிலடிக்கும், சத்தம் குழாய் வழியா மாடிக்குப் போகும். வீட்டுக்கு வந்து தினமும் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவா. ஸ்டோர்ல புது ரப்பர் கேட்டேன், வரும் வரும்னாங்க. சந்தைக் கொஞ்சம் பெருசாக்கினா விசில் வாயை மூடிக்கும்னு எனக்குத் தெரியும். ரெண்டு நாளைக்குத்தானேன்னு சொருகினேன். இந்த ரூம்ல அப்ப ஒரு தூசுகூட இல்ல சார். முள்ளு வேற ஏறிடுச்சு. சந்தோஷப்பட்டேன்."

"முள்ளு பொய் சொல்லல" என்றார் கோட்டான். "ரூம் நிறைஞ்சிருக்குன்னு சொல்லிச்சு. எதால நிறைஞ்சிருக்குன்னு யாரும் அதைக் கேக்கல."

"மஞ்சள் சீட்டு?" என்றாள் பட்டாசு மெதுவாக.

"போடல. செருப்புத் துண்டுக்கு யாரும்மா சீட்டு போடுவாங்க?"

அவர் கை தானாக அந்தத் துண்டை நோக்கிப் போனது. கோட்டான் தடுக்கவில்லை. பேச மட்டும் செய்தார்.

"அஞ்சு மணிக்கு, விசாரணை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மேலாளரைக் கன்ட்ரோல் ரூம்ல நிக்கவெச்சு, இங்கேர்ந்து பட்டாசை அவளோட சென்ட்டை அடிக்கச் சொல்லப்போறேன். கதவு இப்படியே இருந்தா மணம் மாடிக்குப் போகும். உங்க மனைவி தூங்கல, பசை நாத்தத்துல மயங்கினாங்கன்னு தெரிஞ்சிடும். அதை எடுத்துட்டீங்கன்னா மயிரிழைச் சந்துதான் மிஞ்சும், ஒரு சொட்டு மணமும் மேல தெரியாது. உங்க வேலை தப்பிக்கும்."

"அவ நாற்காலி போயிடும்."

"ஆமா."

கோட்டான் பட்டாசைப் பார்த்தார். இருவரும் வெளியே வந்தார்கள். கதவை அவர் பூட்டவில்லை.

"எடுத்துட்டா என்ன சார் பண்றது? நாம பாத்ததைச் சொல்லிடலாமே?"

"துண்டு இல்லாம நம்ம வார்த்தையை யார் நம்புவா? அவர் காசு குடுத்துக் கூட்டிட்டு வந்த ஆளுங்க நாம." படியில் உட்கார்ந்தார். "அதுவும் தவிர, அது அவரோட வீட்டு விஷயம்."

"சென்ட் அடிக்க நான் திரும்பப் போகணும். எனக்கு உள்ள போகவே பயமா இருக்கு."

அவர் பதில் சொல்லவில்லை. அவர் சட்டையில் இப்போது சீட்டும் இல்லை.

*

ஐந்து மணி.

கட்டுப்பாட்டு அறையில் மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஷிப்டுத் தலைவி தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள், தொடவில்லை. புதுசும் கண்ணாடியும் பேனலைப் பார்த்தபடி காதை மட்டும் இங்கே வைத்திருந்தார்கள். பசை டப்பாக்களை மூடியதிலிருந்து அறையில் பழ வாசனை மெல்லப் போய்விட்டிருந்தது.

தொலைபேசி ஒலித்தது. கோட்டான் எடுத்தார்.

"அடிச்சுட்டேன் சார். பாதி பாட்டில் காலி" என்றாள் பட்டாசு. அந்தக் குரலில் வழக்கமான வெடி இல்லை.

"அவர் இருக்காரா?"

"இல்ல."

கோட்டான் தொலைபேசியை வைத்தார். காத்திருந்தார்கள். மேலாளர் மூக்கை உறிஞ்சினார். ஒன்றுமில்லை. ஷிப்டுத் தலைவி கண்ணை மூடிக்கொண்டாள். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "நானும் உங்களுக்காக ரொம்பப் பொறுமையா..." என்று ஆரம்பித்தார்.

"ஐயோ!" என்றான் புதுசு. "இது கண்ணாடி சார் தைலம் இல்ல, சத்தியமா!"

மணம் ஜாலியிலிருந்து இறங்கியது. முதலில் மெலிதாக, பிறகு கல்யாண மண்டபம் போல் அறை முழுக்க. மேலாளரின் இஸ்திரி முகம் கலைந்தது.

"கீழ அடிச்சதா இது? முள்ளு பச்சையில இருக்கே!"

"கீழ பசை போடறப்ப முள்ளு பச்சையிலதான் இருந்துச்சு" என்றார் கோட்டான். "வாங்க, காட்டறேன்."

மின்விசிறி அறை வாசலில் பட்டாசு நின்றுகொண்டிருந்தாள். விலகி வழிவிட்டாள்.

சின்னக் கதவின் மூலையில் நீலத் துண்டு அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, கைப்பிடியில், ஒரு புதிய மஞ்சள் சீட்டு மின்விசிறியின் இழுப்பில் கதவோடு ஒட்டித் துடித்தது. மேலாளர் அதைப் பிடித்து நிறுத்தினார். படித்தார். மறுபடி படித்தார். பிறகு நகர்ந்து ஷிப்டுத் தலைவிக்கு வழிவிட்டார்.

மாற்றம்: கதவுக்குச் செருப்புத் துண்டு. செய்தவர் என்ற இடத்தில் அவள் கணவரின் பெயர், கோணலில்லாத கையெழுத்து. வைத்த தேதி பழையது. சீட்டு எழுதிய தேதி இன்றையது, இரண்டும் தனித்தனியாக. காரணம் என்ற இடத்தில் ஒரே வரி: 'அவளுக்குத் தலை வலிக்கக் கூடாது.'

அவள் நீலத் துண்டைப் பிடுங்கினாள். கதவு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. எங்கிருந்தோ மெல்லிய விசில் கிளம்பியது. அது ஒலித்து முடியும் என்பதுபோல் அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

*

விசாரணை அறையில் காத்துக்காரர் முன்பே வந்து சுவரோரம் நின்றிருந்தார். நீள மேசைக்கு எதிரே ஒற்றை நாற்காலி, இதுவரை அவர் மனைவிக்காகப் போட்டிருந்தது.

மேலாளர் தொண்டையைச் செருமினார். ஷிப்டுத் தலைவியைப் பார்த்து, "உங்க மேல இருந்த குற்றச்சாட்டை எடுத்துடறேன். தப்பா எழுதினது நான். உங்க ஷிப்ட்ல மூணு பேரும் முதல்ல டாக்டரைப் பாருங்க. உங்க நாற்காலியை டாக்டர் சீட்டு ஒண்ணும் பண்ணாது, அது என் பொறுப்பு" என்றார். பிறகு அந்த ஒற்றை நாற்காலியைக் கணவருக்குக் காட்டினார். "நீங்க உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"போகலாம் சார்" என்று கிசுகிசுத்தாள் பட்டாசு. கோட்டான் நகரவில்லை.

குற்றச்சாட்டு நீங்கிய மனைவி வாசல்வரை போனாள். திரும்பினாள். சுவரோரம் கிடந்த ஒரு இரும்பு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். அது தரையில் கிறீச்சென்று அலறியது. கண்ணாடிக் கதவுகள்கூடக் கூசின. நடு அறைவரை அலறிக்கொண்டே வந்து கணவரின் பக்கத்தில் நின்றது.

பழக்க தோஷத்தில் அவர் கை சட்டைப் பைக்குள் போய் எதையோ தேடியது.

"வேண்டாம்" என்றபடி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கத்தட்டும்."